மேப்பிளை விட்டு கார்பன் ஃபைபர் ஷாஃப்டுக்கு மாறலாமா? கோவை, திருப்பூர் பக்கம் டிப் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்களா?

பல்லடம்_பிரேக்கர்

வணக்கமுங்க எல்லோருக்கும். நான் ஆடுவது பெரும்பாலும் பூல்தான், ஸ்டிக்கால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளைக் குழியில் தள்ளுகிற ஆட்டம். ஸ்னூக்கர் டேபிள் காலியாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போவேன். சரவணம்பட்டியில் வேலை, வீடு பல்லடம் பக்கம். அதனால் கோவை, திருப்பூர் இரண்டு ஊர் கிளப்பும் பழக்கம். சொந்த ஸ்டிக் இருக்கிறது. அதன் பட் (கைப்பிடி இருக்கிற பின்பாதி) எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அதை மாற்ற மனசில்லை. முன்பாதியான ஷாஃப்டை மட்டும் 13 மில்லி மேப்பிள் மரத்திலிருந்து கார்பன் ஃபைபருக்கு மாற்றலாமா என்று கொஞ்ச நாளாக மண்டையில் ஓடுகிறது.

தேடத் தேடக் குழப்பம்தான் மிச்சம். ப்ரெடேட்டர் கம்பெனியின் ரெவோவில் மட்டும் 11.8, 12.4, 12.9 மில்லி என்று மூன்று நுனித் தடிமன். கியூடெக் சினர்ஜியில் 11.8, 12.5. மெஸ் இக்னைட் 12.2. அதற்குக் கீழே சீனத்து ஷாஃப்ட் ஒரு பட்டாளமே நிற்கிறது. ரெவோ அமெரிக்காவிலேயே 500 டாலரை ஒட்டி வருகிறது. இங்கே வந்து இறங்கும்போது வரி, கூரியர் எல்லாம் தனி. அவ்வளவு போட்டால் ஆட்டத்தில் தெரியுமா? எந்தத் தடிமன் எடுப்பது? முக்கியமாக, டிப் (நுனியில் ஒட்டுகிற தோல்) தேய்ந்தால் நம்ம பக்கம் யார் மாற்றித் தருவார்கள்? வீடியோ பார்த்துச் சொல்கிறவர்களை விடக் கையில் வைத்து ஆடுகிறவர்கள் சொன்னால் தேவலை.

மேப்பிள்_மாமா (ஈரோடு)

தம்பி, அந்தக் காசுக்கு டேபிள் வாடகை கட்டி ஆடு, ஆட்டம் தானாக வரும். பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரன் ரெயஸ் 1999-ல் கார்டிஃபில் உலக நைன் பால் (பூலில் ஒரு வகை) பட்டம் வாங்கியபோது கையில் கரிக்குச்சியா இருந்தது? மரம்தான். இந்தக் கறுப்புப் பைத்தியம் பிடித்ததே 2016-ல் ரெவோ வந்த பிறகு. அடி விழும்போது உள்ளங்கைக்கு ஒரு சேதி வருமே, அது மரத்தில்தான் வரும். கார்பனில் அடித்தால் பிவிசி பைப்பைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். எனக்கு ஆகாது.

கரூர்_வெயில்

மாமா ஆரம்பித்துவிட்டார். ஈரோட்டில் இருந்துகொண்டு மரத்தைப் புகழ்கிறீர்களே, உங்கள் ஷாஃப்டைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து எவ்வளவு நாளாச்சுங்க?

எங்கள் ஊர் வெயில் தெரியும்தானே, மே மாசம் கரூர் பரமத்தி பெயர் செய்தியில் வராத வருஷம் கிடையாது. என்னுடைய பழைய மேப்பிள் ஷாஃப்ட் அந்த வெயிலில் காய்ந்து, அப்புறம் அடைமழையில் ஈரம் குடித்து, நடுவில் லேசாக வளைந்துபோனது. அதற்கப்புறம் சீனத்து கார்பன் ஒன்று வாங்கினேன். பெரிய பிராண்டு விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. இன்றைக்கும் அம்பு மாதிரி நேராக நிற்கிறது. கை வேர்த்தால்கூட விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, பவுடர் தேவையே இல்லை. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். நண்பனுக்காக அதே விற்பனையாளரிடம் அதே மாடல் இன்னொன்று வரவழைத்தோம்; அது முன்பக்கம் கனமாக, வேறு ஷாஃப்ட் மாதிரியே இருந்தது. ஒன்று நல்லதாக அமைந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேத்துப்பட்டறை (கணபதி, கோவை)

பிராண்டு, தடிமன் எல்லாம் அப்புறம் பேசலாமுங்க. முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் பட்டில் ஷாஃப்டைத் திருகிப் பூட்டுகிற பின் என்ன பின்?

நான் பகலில் லேத்தில் பம்ப் ஷாஃப்ட் ஓட்டுகிற ஆள், சாயங்காலம் கிளப் பையன்களுக்கு டிப் போட்டுக் கொடுப்பேன். ஆசைப்பட்டு ஷாஃப்ட் வரவழைத்துவிட்டு, பூட்டிப் பார்த்தால் சேரவில்லை என்று பட்டறைக்கு வருகிறவர்கள் நிறைய. மரத்தில் என்றால் பின் ஏறுகிற மரைத்துண்டை, அதாவது பழைய இன்சர்ட்டை, எடுத்துவிட்டு வேறு போட்டுத் தரலாம். கார்பன் குழாயில் இன்சர்ட் ஒட்டுப்பசையோடு உட்கார்ந்திருக்கும். அதைப் பிடுங்கப் போனால் குழாய் வாய் பிளக்கும். நான் அந்த வேலை எடுப்பதில்லை.

பல்லடம்_பிரேக்கர்

அண்ணா, அதை எப்படிப் பார்ப்பது? ஸ்டீல் பின், மரை பெரிது பெரிதாக இருக்கிறது. வாங்கின பெட்டியில் எதுவும் எழுதவில்லை.

லேத்துப்பட்டறை

வெர்னியர் இருந்தால் பின்னின் வெளி விட்டம் எடுங்கள். 9.5 மில்லி சுமாருக்கு வந்தால் மூணு நூல் பின், அதாவது 3/8. எட்டு மில்லிக்குக் கொஞ்சம் கம்மியாக வந்தால் இரண்டரை நூல், 5/16. அது பாதிதான். அடுத்து மரையை எண்ண வேண்டும். அரை அங்குலத்துக்குள் ஐந்து மரை என்றால் 3/8 பத்து, அதாவது அங்குலத்துக்குப் பத்து மரை. ஏழு மரை வந்தால் பதினான்கு, ஒன்பது வந்தால் பதினெட்டு. 5/16-ல் பதினான்கும் உண்டு, பதினெட்டும் உண்டு, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றில் ஒன்று ஏறாது. பலவந்தமாகத் திருகினால் இரண்டு மரையும் போச்சு.

மரை கூர்மையாக இல்லாமல் உருண்டையாக, அரை அங்குலத்துக்கு நான்குதான் வருகிறது என்றால் ரேடியல். நுனி வழவழப்பாக இருந்து அடியில் மட்டும் கொஞ்சம் மரை, இரண்டு மூன்று சுற்றில் பூட்டிக்கொள்கிறது என்றால் யூனி-லாக் மாதிரி. மெஸ் தன் வேவி பின்னை வைத்திருக்கிறது. கியூடெக் தன் ஸ்டிக்குக்கு 3/8-ல் பதினான்கு வைக்கிறது, ஆனால் ஷாஃப்டை மற்ற பின்களுக்கும் விற்கிறது. ஆர்டர் போடும் பக்கத்தில் அந்தக் கட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. பட்டும் ஷாஃப்டும் சேருகிற இடத்து வளையமான ஜாயின்ட் காலரின் வெளி விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். அரை மில்லி வித்தியாசம் இருந்தாலும் பூட்டின இடத்தில் படி நிற்கும். ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் விரலில் இடறும், மனசு கேட்காது.

பல்லடம்_பிரேக்கர்

அளந்துவிட்டேன் அண்ணா. 9.5, அரை அங்குலத்தில் ஐந்து. 3/8 பத்து.

லேத்துப்பட்டறை

நல்லது. எல்லாப் பெரிய கம்பெனியும் அந்தப் பின்னுக்கு ஷாஃப்ட் போடுகிறது. இனி மற்றதைப் பேசலாம்.

இயற்பியல்_அக்கா (பொள்ளாச்சி)

ஆட்டத்தில் தெரியுமா என்று கேட்டதற்கு என் பதில். தெரியும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

வெள்ளைப் பந்தின் வலப்பக்கம் அடித்தால் பந்து நீங்கள் ஸ்டிக்கை நீட்டின திசையில் அப்படியே போகாது, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போகும். ஸ்க்விர்ட் என்பது அதுதான். விளம்பரங்களில் டிஃப்ளெக்‌ஷன் என்று போடுவதும் அதையே. டிப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுமார். அந்த நேரத்துக்குள் பக்கவாட்டில் அசைய முடிவது ஷாஃப்டின் முன் பகுதி மட்டும்தான், நுனியிலிருந்து ஒரு சாண் அளவு. அந்த ஒரு சாணின் எடை அதிகம் என்றால் பந்து அதிகம் தள்ளப்படும். எடை குறைந்தால் ஷாஃப்ட் தான் ஒதுங்கிக்கொள்ளும், பந்து ஏறக்குறைய நேராகப் போகும். பட்டின் எடையோ கைப்பிடியின் இறுக்கமோ இதில் ஒன்றும் செய்யாது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவ் அல்சியாட்டோர், பூல் உலகத்தில் டாக்டர் டேவ், இதை வேக கேமரா வைத்து ஏராளமாகப் படம் பிடித்து விளக்கியிருக்கிறார். நுனியில் கொஞ்சம் எடை ஒட்டினாலே ஸ்க்விர்ட் கூடுவது அதில் தெளிவாகத் தெரியும்.

கார்பன் குழாய் உள்ளே வெற்றாக இருப்பதால் நுனி இலேசு. ஆனால் மரத்திலும் நுனியைத் துளைத்து இலேசாக்கின ஷாஃப்ட்கள் இருக்கின்றன. ப்ரெடேட்டர் 314 வந்தது 1994-ல். ஒரு நல்ல துளையிட்ட மேப்பிள், சில கார்பனை விடக் குறைவாகவே தள்ளும். கார்பன் என்றாலே ஸ்க்விர்ட் குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

மேப்பிள்_மாமா

கேட்டுக்கோங்க. அக்காவே சொல்லிவிட்டார்கள்.

இயற்பியல்_அக்கா

முழுசாகக் கேளுங்கள் மாமா. நான் கார்பனில்தான் ஆடுகிறேன். ஸ்க்விர்டுக்காக இல்லை. ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று முதலில் எங்கள் ஊரில்தான் நுழையும். என் மர ஷாஃப்ட் அந்த மாசங்களில் பிரிட்ஜ் விரலில் (ஷாஃப்டைத் தாங்குகிற முன் கை விரல்) ஒட்டும், நைசாக உரச வேண்டும். உரச உரச வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போகும். பங்குனி வெயிலில் ஒரு ஷாஃப்ட், ஆடிக் காற்றில் ஒரு ஷாஃப்ட் என்று என்னால் பழக முடியவில்லை. கார்பனில் அந்தத் தொல்லை இல்லை. இழை போகும் திசையில் வெப்பத்துக்கு அது விரிவது ஏறக்குறைய பூஜ்யம், ஈரமும் குடிக்காது. எனக்கு அது போதும்.

பல்லடம்_பிரேக்கர்

அப்படியென்றால் சைடு (பக்கச் சுழற்சி), ஸ்க்ரூ (பின்சுழற்சி) எல்லாம் எச்சாக விழும் என்று வீடியோவில் சொல்வது?

இயற்பியல்_அக்கா

சுழற்சியைத் தீர்மானிப்பது டிப் எவ்வளவு விலகி விழுகிறது, எவ்வளவு வேகம், இரண்டும்தான். பூல் பந்தின் விட்டம் 57.2 மில்லி. மையத்திலிருந்து ஆரத்தில் பாதி, சுமார் 14 மில்லி வரைதான் டிப் பிடிக்கும். அதைத் தாண்டினால் மிஸ்க்யூ, டிப் வழுக்கிவிடும். அந்த எல்லை மரத்துக்கும் அதுவே, கார்பனுக்கும் அதுவே. பந்து எதிர்ப்பக்கம் குறைவாகத் தள்ளப்படுவதால் நீங்கள் தைரியமாக விளிம்பில் அடிக்கிறீர்கள், அதனால் அதிகம் சுழல்கிறது. சுழற்சி வருவது உங்கள் தைரியத்திலிருந்து.

நாற்பதாம்_நம்பர் (திருப்பூர்)

பூல் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாதுங்க, பையனுக்காக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நூல் பற்றிப் பேச்சு வந்தால் திருப்பூர்க்காரன் சும்மா இருக்க முடியாது.

இந்த கார்பன் ஃபைபர் பெரும்பாலும் அக்ரிலிக் இழையில் தொடங்குகிறது. ஸ்வெட்டருக்குப் போகிற அதே குடும்பம், பாலிஅக்ரிலோநைட்ரைல். அதை முதலில் 200 முதல் 300 டிகிரி சூட்டில் காற்றில் பதப்படுத்தி, அப்புறம் காற்றில்லாமல் நைட்ரஜனில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வாட்டினால் மற்றதெல்லாம் ஆவியாகிப் போய் கரி மட்டும் இழையாக நிற்கும். ஓர் இழையின் தடிமன் ஐந்து முதல் ஏழு மைக்ரான். நம்ம பஞ்சு இழையை விட ஒல்லி. எடிசன் 1879-ல் பல்புக்குள் வைத்ததும் கரியாக்கின பருத்தி நூல்தான். பஞ்சுக்கும் கரிக்கும் சம்பந்தம் பழசு.

கார்பன் வகையின் பெயரில் 3கே, 12கே, 15கே என்று வருகிறதே, அது ஒரு கட்டுக்கு எத்தனை ஆயிரம் இழை என்கிற கணக்கு. எண்ணிக்கை கூடினால் கட்டு தடிக்கும். அதனாலேயே பலம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னொரு விஷயம்: மேலே கட்டம் கட்டமாக நெசவு தெரிவதைப் பார்த்து மயங்கக் கூடாது. இந்த மாதிரிக் குழாயில் வளையாமல் தாங்குவது பெரும்பாலும் உள்ளே ஒரே திசையில் நீளவாக்கில் ஓடுகிற அடுக்குகள். மேல் நெசவு பல சமயம் அலங்காரம். எங்கள் பாஷையில் சொன்னால் பிரிண்டைப் பார்த்துத் துணி எடுக்கிற வேலை.

கரூர்_வெயில்

அண்ணா, என் சீனத்து ஷாஃப்டில் கட்டம் பளபளவென்று இருக்கும். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நாற்பதாம்_நம்பர்

நேராக நிற்கிறது என்றீர்களே, அப்புறம் என்ன. கட்டத்தைப் பார்க்காமல் ஆடுங்கள்.

மேட்டுப்பாளையம்_ஸ்னூக்கர்

இளைஞர்களுக்கு ஒரு தகவல். நீங்கள் எல்லோரும் பூல் பூல் என்கிறீர்கள். ஸ்னூக்கருக்கு முதன்முதலாக விதி எழுதி மாட்டியது எங்கள் தலைக்கு மேலே இருக்கிற ஊட்டி கிளப்பில், 1882-ல். நெவில் சேம்பர்லேன் என்கிற ராணுவ அதிகாரி ஜபல்பூரில் 1875-ல் தொடங்கின ஆட்டம், நீலகிரியில்தான் விதியோடு நின்றது. அப்போதெல்லாம் ஒரே மரக்குச்சிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்னூக்கரில் இருந்து பூலுக்கு வருகிறவனுக்கு 12.9 எடுத்தால் கையில் உலக்கை. எங்கள் டிப் 9.5, 10 மில்லி, பந்தும் 52.5-தான். இந்தத் தம்பி அடிக்கடி இரண்டையும் ஆடுகிறவர் என்றால் 11.8 பார்க்கட்டும்.

பல்லடம்_பிரேக்கர்

ஐயா, ஸ்னூக்கர் எனக்கு ஊறுகாய் மாதிரிதான். ஆனாலும் 11.8-ஆ 12.5-ஆ என்பதில் மாட்டிக்கொண்டேன். மெலிசு என்றால் துல்லியம் என்கிறார்கள்.

இயற்பியல்_அக்கா

மெலிந்த நுனியில் டிப் எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், அது உண்மை. மற்றபடி டிப்பின் வளைவு ஒன்றாக இருந்தால் பந்தைத் தொடுகிற இடம் ஒன்றுதான். ஒரு ரூபாய் நாணயத்தின் ஓர வளைவுக்கு டிப்பைத் தேய்த்து வைத்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். 11.8-ல் ஒரு தொல்லை உண்டு என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள்: மையத்தில் அடிக்கிறோம் என்று நினைத்துக் கொஞ்சம் விலகினாலும் தெரியாத்தனமாகச் சைடு விழுந்துவிடும். ஸ்ட்ரோக் நேராக இல்லாதவனை அது சும்மா விடாது. கண்ணும் கையும் ஏற்கனவே 13-க்குப் பழகியிருக்கிறது என்றால் 12.4, 12.5 பக்கம் நிற்பது நல்லது. 12.9 உங்கள் பழைய ஷாஃப்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது; அதுவும் மோசமில்லை.

தடிமனோடு டேப்பரையும், அதாவது ஷாஃப்ட் தடித்துக்கொண்டு போகிற விதத்தையும் பாருங்கள். நுனியிலிருந்து ஒரு அடிக்கு மேல் ஒரே தடிமனாக வந்து அப்புறம் விரிவது ஒரு வகை. நுனியிலிருந்தே மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டு போவது இன்னொன்று. விரலை வளையமாக்கிப் பிடிக்கிறவர் முதல் வகைக்குப் பழகியிருந்தால், இரண்டாவதில் நீட்டி இழுக்கும்போது வளையம் இறுகும், தளரும். கையை விரித்து மேலே வைத்து ஆடுகிறவருக்கு எதுவானாலும் ஒன்றுதான். விளம்பரத்தில் எல்லோரும் நுனி விட்டத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள், இதை எங்கேயோ அடியில் போடுகிறார்கள்.

லேத்துப்பட்டறை

டிப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்ம ஊரில் கார்பன் ஷாஃப்ட் கெடுவது மேசையில் இல்லை, டிப் மாற்றுகிற இடத்தில்.

நம்ம பக்கம் டிப் போடுகிறவர் எல்லோரும் ஸ்னூக்கர் கை. பித்தளை ஃபெரூல் (டிப்புக்கு அடியில் இருக்கிற வளையம்), பத்து மில்லி டிப், பிளேடை வைத்து ஓரம் சீவுவது, உப்புத்தாளில் பக்கவாட்டில் ஒரு இழு இழுப்பது. அந்தக் கையோடு கார்பனில் இறங்கினால் தீர்ந்தது. உப்புத்தாள் குழாயைத் தொட்டால் மேல் பூச்சு போய் வெள்ளைக் கீறல் விழும், அது திரும்ப வராது. பிளேடு இறங்கினால் இழை பிரியும். சூடு காட்டிப் பழைய டிப்பை உரிக்கிறவர்களும் உண்டு. கார்பனில் பிசினும் ஒட்டும் இளகும், அந்தப் பக்கமே போகக் கூடாது.

நான் செய்வது இப்படி. ஷாஃப்டை லேத்தின் காலட் பிடியில் பிடித்து, நுனியில் ஃபெரூலுக்குக் கீழே இருந்து இரண்டு சுற்று மாஸ்கிங் டேப். பழைய டிப்பை லேத்திலேயே மெதுவாகக் கடைந்து எடுத்து, அடியில் இருக்கிற ஃபைபர் பேட் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். பேட் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். பேட்தான் அடியைக் குழாய்க்கு நேராகப் போகாமல் தாங்குகிறது. முகத்தைச் சமமாக்கி, துடைத்து, ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் குளூ ஒரு துளி, டிப்பை வைத்து அழுத்தி நன்றாகக் காய விட்டுவிடுவேன். அப்புறம் ஓரத்தைக் கூரான டூலில் ஃபெரூல் மட்டத்துக்குக் கொண்டுவந்து கடைசியில் வளைவு. கார்பன் தூசி கிளம்புகிற மாதிரி வேலை வந்தால் முகமூடி இல்லாமல் செய்ய மாட்டேன், அது நுரையீரலுக்கும் ஆகாது, மோட்டாருக்கும் ஆகாது.

டிப்பை நீங்களே வாங்கி வந்துவிடுங்கள். இங்கே கடையில் கிடைப்பது பத்து, பதினொன்று மில்லி நீல எல்க் மாஸ்டர். 12.5 ஷாஃப்டுக்கு 13 அல்லது 14 மில்லி டிப் வேண்டும், கடைந்து இறக்குவதற்கு. அடுக்குத் தோல், மீடியம் போதும், கமுய் மாதிரி. ஷாஃப்டோடு சேர்த்தே இரண்டு டிப் ஆர்டர் போடுங்கள், தனியாகப் போட்டால் கூரியர் காசுதான் எச்சு.

மேப்பிள்_மாமா

இவ்வளவு வைத்தியம் பார்க்க வேண்டிய குச்சியைத்தான் சீக்காகாத குச்சி என்று விற்கிறார்கள்.

லேத்துப்பட்டறை

உங்கள் மேப்பிளுக்கு நான் எத்தனை ஃபெரூல் மாற்றியிருக்கிறேன் மாமா, இங்கேயே சொல்லட்டுமா?

கரூர்_வெயில்

😂

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கார்பன் உடையவே உடையாது என்கிறார்களே?

லேத்துப்பட்டறை

உடையும். சாதாரண அடியில் ஒன்றும் ஆகாது. கோபத்தில் மேசை விளிம்பில் ஓங்கி அடித்தால் மரம் முறிகிற மாதிரி முறியாது, குழாய் நசுங்கி இழை பிரியும். அதைச் சேர்க்க வழியில்லை, குப்பைதான். காருக்குள் வெயிலில் விட்டுப் போவதும் வேண்டாம். குழாய் தாங்கும், ஜாயின்டில் இருக்கிற ஒட்டு தாங்காமல் போகலாம். உங்கள் பட் மரம்தான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஷாஃப்ட் நேராக இருந்து பட் வளைந்தால் யாரைக் குறை சொல்வது?

பல்லடம்_பிரேக்கர்

போட்டிகளில் கார்பனுக்குத் தடை ஏதும் உண்டா?

இயற்பியல்_அக்கா

உலகப் பூல் சங்கத்தின் உபகரண விதி நீளம் குறைந்தது 40 அங்குலம், எடை அதிகபட்சம் 25 அவுன்ஸ், டிப் அதிகபட்சம் 14 மில்லி என்கிறது. டிப் தோலாகவோ, வேறு நார்ப்பொருளாகவோ, நெகிழ்கிற பொருளாகவோ இருக்க வேண்டும். கார்பன் ஷாஃப்டில் பெரிய போட்டிகள் எல்லாமே நடக்கின்றன. 2022 உலக நைன் பால் பட்டம் வாங்கிய ஷேன் வான் போனிங் கியூடெக்காரர்தான்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒன்றைக் கேட்டு வாங்கி ஆடிப் பாருங்கள். அடிக்கச் சொல்வது இதுதான்: வெள்ளையையும் ஒரு பந்தையும் இரண்டு அடி இடைவெளியில் நேர்கோட்டில் வையுங்கள். மையத்தில் குறி பார்த்துக் குனியுங்கள். பிரிட்ஜ் கை அசையாமல், பின் கையை மட்டும் வலப்பக்கம் நகர்த்தினால் டிப் இடப்பக்கம் போகும். அந்த நிலையில் உறுதியாக அடியுங்கள். பந்து முழுசாகப் பட்டு நேராகப் போனால் உங்கள் பிரிட்ஜ் தூரம் அந்த ஷாஃப்டுக்குப் பொருந்துகிறது. பழைய ஷாஃப்டில் பொருந்தின தூரத்தில் கார்பனைப் போட்டால் வெள்ளை சைடு கொடுத்த பக்கமே தள்ளிப் போகும். அப்போது பிரிட்ஜைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். மெதுவாக அடித்தால் வெள்ளை வளைந்து கணக்கு கெட்டுவிடும். அடி அழுத்தமாக, ஸ்டிக் கூடிய மட்டும் படுக்கையாக இருக்கட்டும்.

பல்லடம்_பிரேக்கர்

ஆடிப் பார்த்துவிட்டேன். லேத் அண்ணன் பட்டறைக்கு வருகிற ஒருவர் தன் சினர்ஜி 12.5-ஐ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தார். அதுவும் 3/8 பத்து, என் பட்டிலேயே பூட்டியது. காலரில் லேசான படி, அண்ணன் சொன்ன மாதிரியே விரலில் இடறியது.

அக்கா சொன்ன சோதனையில் முதல் அடியே வெள்ளை இடப்பக்கம் ஓடி, பந்தின் பாதியில்தான் பட்டது. பிரிட்ஜை நாலு விரல்கடை பின்னால் இழுத்ததும் நேராகியது. அப்புறம் மேசையின் நீளத்துக்கு, கார்னரில் கிடந்த பந்தை வலது சைடோடு அடித்தேன். பழைய பழக்கத்தில் வெள்ளை தன்னால் இடப்பக்கம் தள்ளப்படும் என்று கை தானாகவே கொஞ்சம் வலப்பக்கம் குறி வைக்கிறது, அதனால் எல்லாமே வலப்பக்கம் விலகிப் பட்டது. மையத்தில் அடிக்கிற அடியில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. சத்தம் மாமா சொன்ன அளவுக்கு மோசமில்லை, டொக்கென்று ஒரு வறட்டு ஒலி. அரை மணி நேரத்தில் காது பழகிவிட்டது. பிடித்தது எது என்றால் விரலுக்கு நடுவில் அது ஓடுகிற விதம்தான். கிளப்பில் ஏசி அணைந்து வேர்க்க ஆரம்பித்த பிறகும் அப்படியே ஓடியது.

எடையில் ஒரு சந்தேகம். பூட்டின பிறகு ஸ்டிக் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது.

லேத்துப்பட்டறை

பட்டின் பின்னால் இருக்கிற ரப்பர் பம்பரைக் கழற்றினால் எடை போல்ட் இருக்கும். கார்பன் ஷாஃப்ட் உங்கள் பழைய ஷாஃப்டை விட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று தராசில் வைத்துப் பார்த்துவிட்டு போல்டை மாற்றலாம். நகைக்கடைத் தராசு தேவையில்லை, மளிகைக்கடை டிஜிட்டல் போதும். உடனே செய்யாதீர்கள். ஒரு மாசம் அப்படியே ஆடுங்கள், கை என்ன சொல்கிறது என்று தெரியும்.

மேப்பிள்_மாமா

அப்ப வாங்கப் போகிறாய். சரி, வாங்கு. ஆனால் சிங்கிள் போட்டி இருக்கிற வாரத்தில் மாற்றாதே. குறி பழகுகிற வரைக்கும் நீ தோற்றுக்கொண்டேதான் இருப்பாய். அதை யாரும் இங்கே சொல்லவில்லை.

இயற்பியல்_அக்கா

மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மாறினால் முழுசாக மாற வேண்டும். திங்கள் மரம், செவ்வாய் கார்பன் என்று ஆடினால் இரண்டுக்கும் குறி அமையாது.

பல்லடம்_பிரேக்கர்

சினர்ஜி 12.5, 3/8 பத்து, ஆர்டர் போட்டாச்சுங்க. காலர் விட்டத்தையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். 14 மில்லி மீடியம் டிப் இரண்டும் அதோடு வருகிறது. ரெவோவுக்கும் இதற்கும் விலை வித்தியாசத்தை டேபிள் வாடகைக்கு ஒதுக்கியிருக்கிறேன், மாமா திருப்திக்காக. பிரேக் அடிக்க, அதாவது ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளைச் சிதறடிக்க மட்டும் என்ன செய்வது? இதிலேயே அடிக்கலாமா?

லேத்துப்பட்டறை

அடித்தால் ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகாது, டிப்தான் சப்பையாகும். மீடியம் டிப்பில் தினம் பிரேக் அடித்தால் சீக்கிரமே என் பட்டறைக்கு வர வேண்டியிருக்கும். கிளப் ஸ்டிக்கிலேயே பிரேக் அடியுங்கள். சுத்தம் செய்ய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மைக்ரோஃபைபர் துணி, டிப்பில் தடவுகிற சாக் தூள் படிந்து விரலில் பிசுபிசுத்தால் மட்டும். உப்புத்தாளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேட்டுப்பாளையம்_ஸ்னூக்கர்

ஸ்னூக்கர் ஸ்டிக்குக்கும் இதே மாதிரி கார்பன் வருகிறது என்கிறார்களே, அது எப்படி? ஆஷ் மரத்தின் அம்பு ரேகையைப் பார்த்துப் பார்த்துக் குறி வைத்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கறுப்பு செட் ஆகுமா?

லேத்துப்பட்டறை

ஐயா, அதற்குத் தனி இழை ஒன்று தொடங்குங்கள், நானும் வருகிறேன். பித்தளை ஃபெரூல் கதையெல்லாம் அங்கே பேச வேண்டியிருக்கும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், பட்டறையில் கூட்டம்.